ஏழு கிலோமீட்டர்

ரங்கா காருக்குள் தலையை விட்டு மோப்பம் பிடித்தான். முன் சீட்டில் ஒரு முழங்காலை ஊன்றி, கால்விரிப்பைத் தூக்கி, அதன் அடியிலும் முகர்ந்தான். பழைய கார் வாங்கி விற்கும் தரகன் அவன். சட்டைப் பையில் ஒரு காந்தத் துண்டு வைத்திருந்தான். அதைக் கதவிலும் பானெட்டிலும் ஒட்டி ஒட்டிப் பார்த்து, எங்கேயாவது பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருக்கிறதா என்று சோதித்தான். இன்ஜின் மேலிருந்த நம்பரை நகத்தால் சுரண்டினான், அந்த நகத்தையும் முகர்ந்தான். கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்த ஜோசஃபினுக்கு, தன் பீரோவைத் திறந்து யாரோ உள்ளாடைகளை எண்ணுவது மாதிரி அருவருப்பாக இருந்தது. பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் அந்தத் தெருவில் காலை பத்து மணிக்கு ஆள் நடமாட்டம் இல்லைதான், ஆனால் ஜன்னல்களுக்குக் கண் உண்டு.

“டெட்டால் வாடை அடிக்குது மேடம்,” என்றான் ரங்கா.

“மூணு தடவை கழுவினேன்.”

“நோடி மேடம், பாருங்க, வண்டி சுத்தம். ஒரு கோடு இல்ல. நாலரை லட்சம் போகணும். ஆனா ரெக்கார்டுல களவுன்னு ஏறிடுச்சே. இப்பல்லாம் வாங்கறவன் நம்பரைப் போன்ல தட்டினா ஜாதகமே வந்துடுது. மூணு கிடைச்சா பெரிசு.”

“திருடினது நாங்க இல்லையே? கிடைச்சும் போச்சு. அப்புறம் என்ன?”

“அதை யாரு மேடம் கேக்கறாங்க? ஒரு தடவை ஸ்டேஷன் வாசல்ல போய் நின்னா முடிஞ்சுது. எதுக்கு நின்னுச்சுன்னு யாரும் விசாரிக்கமாட்டான். கேஸ் முடியற வரைக்கும் பேரும் மாத்த முடியாது.”

ஜோசஃபினுக்குச் சட்டென்று கார் கழுவும் சின்னப்பா ஞாபகம் வந்துவிட்டது.

ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஏழரை மணித் தமிழ்ப் பூசைக்குக் கிளம்பி அவளும் கணவர் டென்சிலும் வாசலுக்கு வந்தபோது, கார் நிற்கும் இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. பத்தொன்பது நாள் கழித்துத்தான் கார் கிடைத்தது. ஓசூருக்குக் கடத்தப் பார்த்திருக்கிறார்கள், ஆனேக்கல் பக்கம் ரோட்டோரமாக விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள் என்று டென்சில் சொன்னார். ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அவரே அலைந்து, பத்திரம் எழுதிக் கொடுத்து, அவரே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். கதவைத் திறந்ததும் அடித்த நாற்றத்தில் ஜோசஃபின் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள். எவனெவனோ உள்ளே படுத்து, தின்று, துப்பி, இன்னும் என்னென்ன கண்றாவி செய்தானோ என்று நினைத்து நினைத்துத் தேய்த்தாள். ஐம்பத்துநாலு வயதில், முட்டி வலியோடு, சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தாள். டென்சில் வாசற்படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டு, “விடு ஜோ, தானா போயிரும்,” என்றார். போகவில்லை. போன பிறகும் அவள் மூக்கை விட்டுப் போகவில்லை. அந்தக் காரில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இரண்டு மாதமாகப் பள்ளிக்கு ஆட்டோவில் போய்ப் பாடம் நடத்தினாள். டென்சில் வாரம் ஒருமுறை நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பதோடு சரி. கோடை விடுமுறை விட்டதும், விற்றுத் தொலைத்துவிடலாம் என்று அவள்தான் சொன்னாள்.

சின்னப்பா ஜோகுபாளையத்திலிருந்து ஞாயிறு தவிர தினமும் விடிகாலையில் சைக்கிளில் வந்து அந்தத் தெருவில் பதினோரு வீட்டுக் கார்களைக் கழுவிக்கொண்டிருந்தவன். ஒன்பது வருடமாக வந்துகொண்டிருந்தான். உள்பக்கம் துடைக்க எல்லார் வீட்டிலும் சாவியை வாங்கிக்கொள்வான். புகார் கொடுத்த அன்றைக்கு, “யார் மேலயாவது சந்தேகமா?” என்று ஸ்டேஷனில் ஏட்டு கிருஷ்ணப்பா கேட்டபோது, டென்சில் கொஞ்சம் யோசித்துவிட்டு, “கார் கழுவறவன் டெய்லி சாவி வாங்குவான்,” என்றார். அதோடு விட்டிருக்கலாம். பக்கத்தில் நின்ற ஜோசஃபின் சும்மா இருக்காமல், “ரெண்டு நாளா அவன் மொகமே சரியில்ல சார்,” என்று எடுத்துக்கொடுத்தாள். அவன் முகம் ஏன் சரியில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவன் மகள் அனன்யாவுக்குக் காய்ச்சல், சீக்கிரம் போகணும்மா என்று அவளிடம்தான் சொல்லியிருந்தான். தெரிந்தும் அந்த வார்த்தை எப்படி வாயிலிருந்து வந்தது என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறாள். பொருள் போன ஆத்திரத்தில் வந்துவிட்டது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். திங்கட்கிழமை காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள், புதன்கிழமை விட்டார்கள். உள்ளங்கையில் அடித்திருந்தார்கள். வியாழக்கிழமை தெருவுக்கு வந்தவனால் வலது கையை மூடி ஈரத்துணியைப் பிழிய முடியவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தார்களே தவிர யாரும் வெளியே வரவில்லை. எதிர் வீட்டு வீணாதான் முதலில், “இனிமே வேணாம்ப்பா,” என்று கேட்டுக்கு உள்ளிருந்தே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதினோரு வீடும் சொல்லிவிட்டன.

கார் கிடைத்த பிறகாவது யாராவது அவனைக் கூப்பிட்டார்களா என்றால், இல்லை. கள்ளர்களுக்கு அவன்தான் தகவல் கொடுத்திருப்பான், அவனைப் போலீஸ் பிடித்ததும் பயந்துபோய்க் கூட்டாளிகள் வண்டியை விட்டுவிட்டு ஓடியிருப்பார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஜோசஃபினும் அப்படித்தான் நம்பினாள். நம்பினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

“மேடம், கடைசியா சர்வீஸ் எப்ப விட்டீங்க?” என்று ரங்கா உள்ளிருந்து கேட்டான். டாஷ்போர்டு பெட்டியிலிருந்து சர்வீஸ் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு, மீட்டரையும் பில்லையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

“காணாமப் போறதுக்கு முந்தின நாள். சனிக்கிழமை.”

“பில்லுல நாப்பத்தோராயிரத்து இருநூத்தி ஆறு. மீட்டர்ல நாப்பத்தோராயிரத்து இருநூத்திப் பதிமூணு.” அவன் வெளியே வந்து கையைத் தட்டிக்கொண்டான். “எங்க கிடைச்சதுன்னு சொன்னீங்க?”

“ஆனேக்கல்.”

“வண்டியைத் தூக்கிட்டு வந்தாங்களா, ஓட்டிட்டு வந்தாங்களா?”

“அவருதான் ஓட்டிட்டு வந்தாரு.”

ரங்கா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. “மேடம், ஆனேக்கல் போய்ட்டு வந்தா எழுபது கிலோமீட்டருக்குக் கம்மி இல்ல. இது மொத்தமா ஏழு ஓடியிருக்கு. பூட்டை நெம்பல, வயரை அறுக்கல, மீட்டரையும் யாரும் தொடல. நான் இருநூறு களவு வண்டி பார்த்திருக்கேன். இது களவு போன வண்டி இல்ல. சார் வந்ததும் கேளுங்க.”

சார் அப்போது கோயிலில் திருவிழாக் கமிட்டி கூட்டத்தில் இருந்தார். காரைக் காணோம் என்றதும் அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டவர், கிடைத்ததும் செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்தில் மைக் முன்னால் நின்று சாட்சி சொன்னார். கள்ளர்கள் ஓசூர் ரோட்டில் பறந்துகொண்டிருந்தபோது, ஆனேக்கல் அருகே இன்ஜின் தானாக நின்றுவிட்டது என்றும், காணாமல்போனதைக் கண்டெடுத்துத் தரும் புனிதர் கைவைத்து நிறுத்தினார் என்றும் தழுதழுத்த குரலில் சொன்னார். நாலைந்து பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நேர்ச்சையாக நூற்றைம்பது பேருக்கு அந்தோணியார் ரொட்டி கொடுத்தார். அதற்கப்புறம்தான் அவரைக் கமிட்டியில் சேர்த்தார்கள்.

மத்தியானம் வந்து கைகழுவி உட்கார்ந்தவருக்கு ஜோசஃபின் சோறு போட்டு, ரசம் ஊற்றி, எதிரில் உட்கார்ந்தாள்.

“கார் எங்கே கெடந்துச்சு?”

“என்ன புதுசா கேக்கறே? ஆனேக்கல்...”

“ஏழு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. தரகன் மீட்டரைப் பார்த்துட்டான்.”

டென்சில் சோற்றைப் பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு கூழான அந்தச் சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஃபேக்டரியில் கூட வேலை பார்த்த நண்பர் மறுநாள் துபாயில் இருக்கும் மகனிடம் போகிறார் என்று, சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் நாலு பேர் கூடினார்கள். போன வருஷத் தவக்காலத் தியானத்தில் குடியை விடுகிறேன் என்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தவர், அன்றைக்குக் குடித்தார். காரை அந்த நண்பர் வீட்டுக்குப் பின்னால் முட்டுச்சந்தில் விட்டிருந்தார். யாரோ ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். அவர் வீடு வந்தபோது ஜோசஃபின் தூங்கிப்போயிருந்தாள். “காலையில எழுந்தப்ப நெஜமாவே ஞாபகம் இல்ல ஜோ. சத்தியமா இல்ல. சர்வீஸ்லேர்ந்து கொண்டாந்து வாசல்ல விட்டதுதான் மனசுல இருந்துச்சு.”

“எப்ப ஞாபகம் வந்துச்சு?”

அவர் தண்ணீர் குடித்தார்.

“எப்பங்க?”

“திங்கக்கெழம.”

“காலையிலயா, சாயங்காலமா?”

“சாயங்காலம்.”

சின்னப்பா திங்கள் ராத்திரியும் செவ்வாய் ராத்திரியும் உள்ளே இருந்தான். இவர் அந்த இரண்டு ராத்திரியும் இந்த வீட்டில், இந்த மேஜையில் சாப்பிட்டுவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டார். ஜோசஃபின் எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நின்றாள்.

“போலீஸுக்கு யார் சொன்னாங்க, வண்டி அங்க நிக்குதுன்னு?”

“யாரோ போன் பண்ணாங்களாம்,” என்றவர் அவள் பார்வையைத் தாங்க முடியாமல், “நான்தான். சிவாஜிநகர்ல ஒரு கடை போன்லேர்ந்து,” என்றார்.

“அந்த நாத்தம்?”

“டிக்கியில மீன் வாங்கி வெச்சிருந்தேன். வஞ்சிரம். ஸ்டேஷன்லேர்ந்து எடுத்துட்டு வர்றப்பவே தூக்கிப் போட்டுட்டேன்.”

அவள் எவனெவனையோ நினைத்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, முட்டி தேயத் தேய்த்தது இவர் வாங்கின மீனின் நாற்றம். தேய்க்கும்போது வாசற்படியில் உட்கார்ந்து பேப்பர் படித்தாரே, அந்தப் பேப்பரில் அவர் என்னதான் படித்தார் என்று கேட்கத் தோன்றியது.

“ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லுங்க. சின்னப்பா எடுக்கல, நான்தான் மறந்து விட்டுட்டேன்னு சொல்லுங்க.”

“பைத்தியமா உனக்கு? சர்ச்சுல சாட்சி சொல்லியிருக்கேன். கமிட்டியில இருக்கேன். அவனத்தான் விட்டுட்டாங்களே, ஜெயில்லயா இருக்கான்?” பிறகு குரலை இறக்கி, “நான் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன் ஜோ. அது முடிஞ்சுபோச்சு,” என்றார்.

“சாமியார்கிட்ட என்னன்னு சொன்னீங்க?”

“பொய் சொன்னேன்னு.”

“என்ன பொய்னு?”

“அதெல்லாம் அவரு கேக்கல.”

அதற்குமேல் அவளால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மூன்று நாள் அவரோடு பேசவில்லை. சோறு வைத்தாள், துணி துவைத்தாள், பேசவில்லை. அவரும் விட்டுப்பிடிக்கலாம் என்று இருந்தார். முப்பது வருடத்தில் அவளுடைய எந்தக் கோபமும் நாலாம் நாளைத் தாண்டியதில்லை என்பது அவருக்குத் தெரியும். நாலாம் நாள் காலையில் அவருடைய போன் அடித்தது. ரங்கா. அவர் ஹாலில் நின்று பேசியது அவளுக்கும் கேட்டது. “அப்படியா... அப்படி எழுதிக் கொடுத்தா போதுமா?... கேஸ் ஒண்ணும் ஆகாதே?... முழுசா நாலரையா?”

போனை வைத்துவிட்டு சமையலறை வாசலுக்கு வந்தார். முகம் தெளிந்திருந்தது. “தரகன் சொல்றான். வண்டி களவு போகல, தப்பா நெனச்சுப் புகார் கொடுத்துட்டோம்னு எழுதிக் கொடுத்தா, அவங்க கோர்ட்டுக்கு பி ரிப்போர்ட் அனுப்பி கேஸை மூடிடுவாங்களாம். ரெக்கார்டு சுத்தமாயிடும். ஒன்றரை லட்சம் ஜோ! நீயும் அதைத்தானே சொன்னே?”

சொல்லிவிட்டு ஷேவிங் செய்யப் போனார். உள்ளே விசில் சத்தம் கேட்டது. ஒரு மனுஷனின் கைக்காகத் திறக்காத வாய், ஒன்றரை லட்சத்துக்கு விசிலடிக்கிறது. இஸ்திரி போட்ட சட்டை போட்டு, பவுடர் பூசி, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவது மாதிரி வந்து நின்றார். ஜோசஃபினும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினாள்.

ஸ்டேஷனில் ஏட்டு கிருஷ்ணப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். “நான் அப்பவே நெனச்சேன் சார். முட்டுச்சந்துல பூட்டின வண்டி, தூசிகூடக் கலையல. எவன் திருடி இங்க கொண்டாந்து விடுவான்?” என்றார். டென்சிலும் சேர்ந்து சிரித்தார். வயசாச்சு, ஞாபகம் நிக்கறதில்ல என்று தலையைத் தட்டிக் காட்டினார். காகிதம் வந்தது. கிருஷ்ணப்பா கன்னடத்தில் சொல்லச் சொல்ல இவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வண்டி நம்பர், இன்ஜின் நம்பர், நிறம், நின்ற இடம் எல்லாம் இருந்தன. ஜோசஃபின் அதை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“இதுல சின்னப்பா எடுக்கலன்னு ஒரு வரி எழுதணும் சார்.”

“எந்த சின்னப்பா?”

“கார் கழுவறவர். ரெண்டு நாள் வெச்சிருந்தீங்களே.”

கிருஷ்ணப்பா சிரிப்பதை நிறுத்தினார். “நோடி அம்மா, அவன் பேரு எந்தக் காகிதத்துலயும் இல்ல. அரெஸ்ட் இல்ல, எஃப்ஐஆர்ல பேரு இல்ல. சும்னே கூப்பிட்டு விசாரிச்சோம், அவ்ளோதான். வண்டிக்கு ரெக்கார்டு இருக்கு, அழிக்கிறோம். அவனுக்கு இல்லாததை எப்படி அழிக்கறது?”

டென்சில் அவள் முழங்கையைத் தொட்டு, “வா ஜோ,” என்றார். அவள் கையை உதறிக்கொண்டாள். தொட்ட இடத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள், அவர் பார்க்கட்டும் என்றே துடைத்தாள்.

வெளியே வந்ததும் அவரை விட்டுவிட்டுத் தனியாக ஆட்டோ பிடித்தாள். ஜோகுபாளையத்தில் விசாரித்ததில், பழைய மெட்ராஸ் ரோட்டில் வண்டிகளுக்குத் தண்ணீர் அடிக்கும் ஒரு கொட்டகையைக் காட்டினார்கள். சின்னப்பா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஒரு டெம்போவுக்கு இடது கையால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தான். சோப்புத் துணி போட்டுத் தேய்க்க வேறு ஆள் இருந்தான். அவளைப் பார்த்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டு, பழக்க தோஷத்தில் கொஞ்சம் குனிந்து நின்றான். அவன் குனிந்தது அவளுக்குத் தாங்கவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். குடி, முட்டுச்சந்து, திங்கட்கிழமை சாயங்காலம், ஒன்றும் விடாமல் சொன்னாள். அவன் முகம் சரியில்லை என்று ஸ்டேஷனில் தான் சொன்னதையும் சொன்னாள். பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று தெரிந்தேதான் சொன்னேன் என்றாள்.

சின்னப்பா பூட்ஸ் நுனியில் ஒட்டியிருந்த சேற்றைத் தரையில் தேய்த்தான்.

“இத எங்கிட்ட எதுக்கும்மா சொல்றீங்க?” என்றான். குரலில் கோபம்கூட இல்லை. “நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா?”

டெம்போக்காரன் ஹாரன் அடித்தான். சின்னப்பா திரும்பித் தண்ணீரைத் திறந்தான். அவள் புடவை நனையாமல் குழாயை ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டான்.

மன்னிப்புக் கேட்டுக் கண்ணீர் விட்டு, அவன் பரவாயில்லம்மா என்று சொல்ல, மனசு லேசாகித் திரும்பலாம் என்று தான் வந்திருப்பது ஆட்டோவில் திரும்பி வரும்போதுதான் அவளுக்கு உறைத்தது. கோயிலில் பாவம் சொல்லும் பெட்டிக்குள் முணுமுணுத்துவிட்டு எழுந்து வந்த டென்சிலுக்கும் தனக்கும் அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் இல்லை. தன் மேலேயே காறித் துப்பவேண்டும் போலிருந்தது. அல்சூர் தாண்டும்வரை வெளியே பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்திருந்தது. வீட்டு வாசலில் காரை வெளிச்சம் விழும் பக்கம் திருப்பி நிறுத்தியிருந்தார்கள். விளம்பரத்துக்குப் படம் எடுக்க ரங்கா போனை உயர்த்திப் பிடித்திருந்தான். டென்சில் காலையில் போட்ட சட்டையின் கையை மடித்துவிட்டு, மஞ்சள் துணியால் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். “சார், கொஞ்சம் ஓரமா வாங்க, உங்க நிழல் விழுது,” என்றான் ரங்கா. டென்சில் நகர்ந்தார். அவளைப் பார்த்ததும், “ஜோ, ஒரு காபி...” என்று ஆரம்பித்தார்.

ஜோசஃபின் தன் வீட்டுக் கேட்டைத் தாண்டி எதிர் வீட்டு மணியை அடித்தாள். வீணா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். “என்ன அக்கா, வண்டி வித்தாச்சா?” என்று சிரித்தாள்.

“வீணா, வண்டி களவே போகல,” என்றாள் ஜோசஃபின். வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி பேசிப் பழகின குரல் அது. “இவரு குடிச்சிட்டு ஒரு சந்துல விட்டுட்டு வந்துட்டாரு. புகார் கொடுத்த மறுநாளே ஞாபகம் வந்தும் சொல்லல. சின்னப்பா மேல நானும் வாய் கூசாம சொன்னேன். அவன் எடுக்கல. அவன் எதையும் எடுக்கல.”

வீணாவின் பார்வை அவள் தோளுக்கு மேலாகத் தெருவுக்குப் போயிற்று. பின்னால் ரங்காவின் போன் ஒருமுறை கிளிக் என்றது. டென்சில், “ஜோ... ஜோ, உள்ள வா,” என்று தெருவுக்குக் கேட்காத குரலில் கூப்பிட்டார். வீணா கேட்டைத் திறந்து, “உள்ள வந்து உக்காருங்க அக்கா,” என்றாள்.

“இல்லம்மா, இன்னும் ஒன்பது வீடு இருக்கு.”

அவள் அடுத்த வீட்டுக்கு நடந்தாள். கேட்டில் உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. கம்பிக்கு நடுவே கையை விட்டு எக்கி மணியை அழுத்தினாள். உள்ளே டிவி சத்தம் குறைந்தது. யாரோ செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வருவது கேட்டது.